சம்பளச் சீட்டில் ஒளிந்த 400 டாலர்

2009 ஏப்ரலில் அமெரிக்கத் தொழிலாளர்கள் பலருக்குக் கைக்கு வரும் சம்பளம் கொஞ்சம் கூடியது. முதலாளி கூட்டிக் கொடுக்கவில்லை. வரிப் பிடித்தம் குறைந்திருந்தது. பிப்ரவரியில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட பொருளாதார மீட்புச் சட்டத்தின் 'மேக்கிங் வொர்க் பே' சலுகை அது. சம்பாத்தியத்தில் 6.2 சதவீதம், தனிநபருக்கு அதிகபட்சம் 400 டாலர், தம்பதிக்கு 800. அரசின் ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டிக்குத் தொழிலாளி கட்டும் விகிதமும் அதே 6.2தான். வருமான வரி வரம்புக்குள் வராத ஏழைக்கும் இந்தப் பணம் உண்டு.

முந்தைய ஆண்டு புஷ் அரசு மொத்தமாகக் காசோலை அனுப்பியிருந்தது. மொத்தமாகக் கொடுத்தால் ஜனங்கள் வங்கியில் போட்டுவிடுவார்கள், வாரம் பத்து டாலர் போலச் சொட்டவிட்டால் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் போய்விடும், கடைகள் பிழைக்கும் என்று இந்த முறை கணக்குப் போட்டார்கள். கெட்டிக்காரக் கணக்குதான். ஆனால் சொட்டியது யார் கண்ணிலும் படவில்லை. 2010 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸும் சி.பி.எஸ்ஸும் நடத்திய கருத்துக்கணிப்பில், வரி குறைந்தது என்று சொன்னவர்கள் பத்து சதவீதம்கூட இல்லை. மூன்றில் ஒரு பங்கினர், வரி ஏறிவிட்டது என்றே சொன்னார்கள்! வரியைக் குறைத்துவிட்டுத் திட்டும் வாங்குவது எந்த அரசியல்வாதிக்கும் வரக்கூடாத கஷ்டம். சரி, செலவாவது செய்தார்களா? சாம், ஷபிரோ, ஸ்லெம்ராட் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தபோது, இந்தப் பணத்தைப் பெரும்பாலும் செலவழிப்போம் என்றவர்கள் 13 சதவீதம்தான். 2008 காசோலைக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இன்னொரு சிக்கலும் இருந்தது. எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை நிறுவனம் ஓர் அட்டவணையைப் பார்த்து முடிவு செய்கிறது. பகலில் ஓட்டல், இரவில் காவல் என்று இரண்டு வேலை பார்ப்பவருக்கு இரண்டு முதலாளிகளும் தனித்தனியே பிடித்தத்தைக் குறைத்தார்கள்; சலுகையோ ஒன்றுதான். மிச்சத்தை ரிட்டர்ன் போடும்போது திருப்பிக் கட்ட வேண்டும், அல்லது எதிர்பார்த்த ரீஃபண்டில் துண்டு விழும். பிடித்தத்துக்காக முதலாளியிடம் கொடுக்கும் டபிள்யூ-4 படிவத்தைத் திருத்திக் கொடுத்துத் தப்பித்திருக்கலாம். சம்பளம் கூடியதையே கவனிக்காதவருக்கு அது எங்கே தோன்றும்?

2010 முடிவோடு சலுகை காலாவதியானது. பதிலுக்கு 2011-ல் சோஷியல் செக்யூரிட்டிப் பிடித்த விகிதத்தில் இரண்டு சதவீதப் புள்ளி குறைத்தார்கள். ஆண்டுக்கு 15,000 டாலர் சம்பாதித்தவருக்கு 400 இருந்த இடத்தில் 300 ஆனது. ஒரு லட்சம் டாலர் வாங்கிய தனிநபருக்கு, வருமானம் அதிகம் என்பதால், பழைய சலுகையில் ஒரு சென்ட்கூடக் கிடையாது. புதியதில் அவருக்கு 2,000 டாலர்.