உருண்டையெல்லாம் முட்டை ஆகுமா?

2020-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், பெரம்பலூர் ஜில்லா குன்னத்தில், ஒரு குளத்தின் மண்ணுக்குள்ளிருந்து உருண்டை உருண்டையாய்க் கற்கள் வெளிப்பட்டன. "டைனோஸார் முட்டை!" என்ற பேச்சு எங்கும் பரவிற்று. பூகர்ப்ப சாஸ்திரிகள் வந்து பார்த்து, பண்டைக் கடலின் வண்டல் திரண்டு இறுகிய கல்லுருண்டைகளே அவை என்று தெளிவுபடுத்தினார்கள்.

ஜனங்கள் செய்த தர்க்கம் இதுதான்: முட்டை உருண்டையாயிருக்கும், இது உருண்டையாயிருக்கிறது, ஆகவே இது முட்டை. இப்படியானால் கொழுக்கட்டையும் முட்டைதான்! இதைக் கேட்டு நகைப்பது எளிது. பரீட்சையில் கண்டுபிடிப்பதோ கடினம்.

எங்கள் கல்லங்குறிச்சியில் என்னிடம் படித்த பெண்ணொருத்தி வக்கீலாக விரும்புகிறாள். திருச்சியிலுள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக் கழகத்தில் சேர 'கிளாட்' தேர்வு எழுத வேண்டும். இரண்டு மணி நேரத்தில் 120 வினாக்கள். அவற்றுள் தர்க்கத்துக்கு 22 முதல் 26 வரை. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மார்க் போய்விடும்.

பழகுவதற்காக அவளுக்கு ஒரு வாதம் கொடுத்தேன்: "கடலில் உண்டான பாறையில் சிப்பி இருக்கும். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையில் சிப்பி இருக்கிறது. ஆகவே அது கடலில் உண்டானது."

"குற்றமில்லை, ஸார். இங்கே கடல் இருந்தது உண்மைதானே?" என்றாள்.

"உண்மைதான், அம்மா. சுமார் ஏழு கோடி வருஷங்களுக்கு முன் இங்கே கடல்தான். ஆனால் ஆற்றிலும் சிப்பி உண்டே?"

அவள் திகைத்தாள். முடிவு மெய், வாதமோ பொய். கடலிலன்றி வேறெங்கும் வாழாத கடல் முள்ளெலியின் சுவடுகளும் நம் பாறையில் உள்ளன. அதைக் காரணமாகச் சொல்லியிருந்தால் வாதம் நிற்கும்.

மணிமேகலையின் 29-வது காதையில், அறவண அடிகள் மணிமேகலைக்குப் போதிக்கும் ஏதுப்போலிகளுள் 'அநைகாந்திகம்' என்பது இவ்வகையே. காரணம் ஒரு பக்கத்தில் நில்லாமல் இருபுறமும் செல்வது அது.

மாணவர்கள் செய்ய வேண்டியது இவ்வளவே. முதலில் முடிவு எது என்று காண்க. பின் அதற்குச் சொன்ன காரணத்தைக் காண்க. பிறகு, "காரணம் மெய்யாயிருந்தும் முடிவு பொய்யாக இடமுண்டா?" என்று கேட்க. ஓர் உதாரணம் அகப்பட்டாலும் போதும், வாதம் விழுந்தது. முடிவு நமக்குப் பிடித்தமானதாயிருக்கும்போதுதான் இக்கேள்வியை மறக்கிறோம்.

நாளை ஒரு நிரபராதியின் வழக்கு அப்பெண்ணின் கைக்கு வரலாம். அப்போது எதிர்க்கட்சி வக்கீல் ஆற்றுச் சிப்பியை எடுத்துக் காட்டினால் கால் மார்க்கோடு போகாது. இப்போதே கேட்டுப் பழகட்டும்.