காட்டுத்தீக்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது? பொதுப்பணக் கண்காணிப்பைப் புரிந்துகொள்வோம்



'இயற்கைப் பேரிடர்' என்று தலைப்புக் கொடுத்தால் போதும், பெரும்பாலான கட்டுரைகள் ஒரே வாக்கியத்தில் வந்து முடிந்துவிடும்: "எனவே, அரசாங்கம் போதிய நிதி ஒதுக்க வேண்டும்." கருத்து சரிதான். ஆனால், நிதி ஒதுக்கியாச்சு. அப்புறம்? அந்தப் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? எந்த விதிப்படி? அதை யார் சரிபார்க்கிறார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்த மாணவரின் கட்டுரை அங்கேயே ஒரு படி மேலே போய்விடும்.

ஆஸ்திரேலியாவில் நடந்த இரண்டு நிகழ்வுகளை வைத்து இதை விளக்கலாம். ஒன்று தீத்தடுப்புக்குச் செலவான பணம் பற்றியது. மற்றொன்று தீக்குப் பிந்திய மீட்சிக்குச் செலவான பணம் பற்றியது.

தடுப்புப் பணம்: எதை அளக்கிறோம்?

7 பிப்ரவரி 2009 அன்று விக்டோரியா மாநிலத்தில் மூண்ட காட்டுத்தீயில் 173 பேர் உயிரிழந்தனர். ஆஸ்திரேலியர்கள் அந்த நாளைக் 'கறுப்புச் சனிக்கிழமை' என்கிறார்கள். அதை விசாரித்த அரச விசாரணை ஆணையம் 2010இல் தன் அறிக்கையை வெளியிட்டது. ஒவ்வோர் ஆண்டும் அரசு நிலத்தில் குறைந்தது 5 விழுக்காட்டை முன்கூட்டியே திட்டமிட்டு எரிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. காய்ந்த சருகையும் புதரையும் குளிர்ந்த பருவத்தில் அளவாக எரித்துவிட்டால், கோடையில் பெருந்தீக்கு இரை குறையும். 5 விழுக்காடு என்பது ஆண்டுக்கு ஏறக்குறைய 390,000 ஹெக்டர்.

கண்காணிக்க எளிதான இலக்குதானே என்று தோணும். இத்தனை ஹெக்டர் எரிக்கச் சொன்னோம், இத்தனை எரித்தீர்கள். கணக்கு முடிந்தது.

சிக்கலே அங்கேதான் இருந்தது. ஆள் நடமாட்டம் குறைந்த தொலைதூர நிலத்தில் ஒரே நேரத்தில் பெரும் பரப்பை எரித்துவிடலாம். செலவும் குறைவு. வீடுகளை ஒட்டிய காட்டில் அப்படி முடியாது. சிறு சிறு துண்டுகளாக, காற்றின் திசை பார்த்து, புகை யாரையும் பாதிக்காமல் எரிக்க வேண்டும். ஹெக்டர் எண்ணிக்கையை மட்டும் கேட்டால், வேலை எளிதான இடத்துக்கே போகும். இலக்கை நோக்கி எண்ணிக்கை ஏறும். ஆனால் ஊரின் ஆபத்து அதே அளவுக்குக் குறைந்திருக்காது.

மாநிலத்தின் அவசரகால மேலாண்மைத் தலைமை ஆய்வாளர் 2015இல் இந்த இலக்கை மறுஆய்வு செய்தார். பரப்பளவுக்குப் பதிலாக ஆபத்தை அளவுகோலாக வைக்கும்படி பரிந்துரைத்தார். அரசாங்கமும் அதை ஏற்றுக்கொண்டது. எரிப்பே நடக்காவிட்டால் இருக்கும் ஆபத்தை 100 என்று வைத்துக்கொண்டு, உண்மையான ஆபத்து 70ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது புதிய இலக்கு.

ஆக, முதல் பாடம் இது: செலவழித்த தொகையும் செய்த வேலையின் அளவும் பயனைக் காட்டிவிடாது. யாருடைய ஆபத்து எவ்வளவு குறைந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

மீட்சிப் பணம்: காரணம் எங்கே?

2019-20 கோடையில் ஆஸ்திரேலியாவைத் தாக்கிய தீயில் 33 பேர் நேரடியாக உயிரிழந்தனர். 3,000க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பாதிக்கப்பட்ட ஊர்களின் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்த, கூட்டரசும் மாநில அரசும் சேர்ந்து ஒரு மானியத் திட்டத்தைத் தொடங்கின. அதன் மொத்தத் தொகை 541.8 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர்.

அதில் முதலில் வந்தது 'விரைவுப் பிரிவு'. 100 மில்லியன் டாலருக்கும் மேற்பட்ட தொகை அதன்வழி போனது. மாநிலத் தலைமைக் கணக்காய்வாளர் மார்கரெட் கிராஃபோர்ட் இத்திட்டத்தை ஆராய்ந்து பிப்ரவரி 2023இல் அறிக்கை வெளியிட்டார். விரைவுப் பிரிவுக்குப் போதிய விரிவான வழிகாட்டு விதிகள் இல்லை என்றும், மதிப்பீடு வெளிப்படையாகவும் ஒரே சீராகவும் நடக்கவில்லை என்றும் அவர் கண்டறிந்தார்.

அறிக்கையின் முக்கியமான பகுதி ஓர் எண்ணைப் பற்றியது. அப்போதைய துணை முதல்வர் ஜான் பரிலாரோவின் அலுவலகம் கேட்டுக்கொண்டபடி, 1 மில்லியன் டாலருக்குக் குறைவான திட்டங்கள் ஒதுக்கப்பட்டன. அதனால், தீயால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளின் சில திட்டங்கள், தேர்வுப் பட்டியலில் இடம்பெற்றிருந்தும் வெளியே தள்ளப்பட்டன. எதிர்க்கட்சியாக இருந்த தொழிற்கட்சியின் தொகுதிகளிலிருந்து பட்டியலுக்கு வந்திருந்த திட்டங்கள் அனைத்தும் அவற்றுள் அடங்கும். கடுமையாகப் பாதிக்கப்பட்ட புளூ மவுண்டன்ஸ் பகுதிக்கு அந்தச் சுற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. விடுபட்ட சில திட்டங்களுக்குப் பிறகு வேறு நிதியிலிருந்து உதவி கிடைத்ததாகத் துறை தெரிவித்தது.

ஏன் 1 மில்லியன்? அதற்கான காரணம் பதிவு செய்யப்படவில்லை.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். மாணவர்களிடம் கேட்டால் "யாராவது பணத்தைத் திருடிட்டாங்களா, சார்?" என்பார்கள். அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. பணம் உண்மையான திட்டங்களுக்கே போனது. ஆனால், ஒரு முடிவுக்கான காரணம் எழுத்தில் இல்லாவிட்டால், அதில் அரசியல் உள்நோக்கம் இருந்தது என்று யாராலும் மெய்ப்பிக்க முடியாது. இல்லை என்று மறுக்கவும் முடியாது. பாதிக்கப்பட்ட ஊருக்குப் பதில் கிடைக்காது; நேர்மையாக முடிவெடுத்த அதிகாரி இருந்தால், அவருக்கும் பாதுகாப்புக் கிடைக்காது.

"வீடு எரிஞ்சு நிற்கிறவர்களிடம் போய்ப் படிவம், விதிமுறை என்று பேசலாமா?" என்ற கேள்வியும் வரும். நியாயமான கேள்வி. அவசரத்தில் விதி எழுத நேரம் இருக்காது என்பதால்தான், தீ வருவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். அதே திட்டத்தின் பிந்திய பொது விண்ணப்பச் சுற்றில் தெளிவான விதிகள் இருந்தன; நடைமுறையும் சீராக இருந்தது. 2022இல் அந்த மாநிலம் புதிய மானிய வழிகாட்டியையும் கட்டாயமாக்கியது. அதிகாரிகளின் மதிப்பீட்டுக்கு மாறாக அமைச்சர் முடிவெடுத்தால், காரணத்தைப் பதிவு செய்தாக வேண்டும்.

கணக்காய்வாளரின் எல்லை

தலைமைக் கணக்காய்வாளரால் யாரையும் தண்டிக்க முடியாது. பணத்தைத் திரும்ப வாங்கவும் முடியாது. ஆவணங்களைப் பார்ப்பார், கேள்வி கேட்பார், கண்டதை நாடாளுமன்றத்துக்கு எழுதுவார். அதற்குமேல் கேட்க வேண்டியவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள், செய்தியாளர்கள், வாக்காளர்கள். மலேசியாவில் தேசியக் கணக்காய்வுத் துறையின் அறிக்கையும், சிங்கப்பூரில் தலைமைக் கணக்காய்வாளர் அலுவலகத்தின் ஆண்டறிக்கையும் இதே வகையைச் சேர்ந்தவை. இரு நாடுகளிலும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு அவற்றை ஆராய்கிறது. அறிக்கை வரும் நாளில் நாளிதழை வகுப்புக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், நல்ல கலந்துரையாடல் நடக்கும்.

தேர்வு மாணவர்களுக்கு

"நிதி ஒதுக்க வேண்டும்" என்று எழுதியதும் முற்றுப்புள்ளி வைக்காதீர்கள். கீழுள்ள நான்கு கேள்விகளில் இரண்டையாவது அடுத்த பத்தியில் விரித்து எழுதுங்கள்.

1. பணம் தருவதற்கான விதி முன்கூட்டியே எழுதப்பட்டதா?
2. பாதிப்பின் அளவுக்கு ஏற்ப உதவி போனதா?
3. முடிவுக்கான காரணம் பதிவானதா?
4. பயனை எந்த அளவுகோலால் அளந்தார்கள்?

தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்: கணக்காய்வு, மானியம், வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை, வழிகாட்டு விதி, மீட்சி நிதி.

பயிற்சி வினா: 'பேரிடர்க் காலத்தில் விரைவு முக்கியமா, விதிமுறை முக்கியமா?' 250 சொற்களில் வாதிடுக. இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதுவது சுலபம். இரண்டையும் எப்படிச் சேர்க்கலாம் என்று எழுதிப் பாருங்கள். உண்மையில் ஓர் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையும் அதுதான்.