வெற்றி தோல்வி இல்லாத ஓர் ஆட்டம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., கணிதம்)

பொங்கல் விடுமுறையில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, காகிதத்தைச் சிறு சீட்டுகளாக வெட்டி ஒன்று முதல் இருபது வரை எண்களை எழுதிக்கொண்டிருந்தேன். "என்னடா அது, தாயமா?" என்று அம்மா கேட்டார். விடுதியில் ஞாயிறுதோறும் நாங்கள் ஐவர் ஆடும் ஆட்டத்திற்கு என்றேன். "யாரு ஜெயிக்கிறது?" "யாரும் இல்லம்மா." "அப்புறம் எதுக்குடா ஆடுறீங்க?" என்று சிரித்தார். அக்கேள்விக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

ஆட்டம் பிறந்த கதை

பொம்மைப் படைகளை மேசைமேல் நகர்த்திப் போர் நடத்துவது அமெரிக்காவில் சிலருக்குப் பொழுதுபோக்கு. 1969-இல் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் அதில் ஒரு புதுமை செய்தார். படையை நடத்துவதோடு நில்லாமல், ஓர் ஊரின் நகரத் தலைவர் போன்ற தனி மனிதராக இருக்கும் வாய்ப்பையும் ஆடுவோருக்கு அளித்தார். அதில் கலந்துகொண்ட டேவ் ஆர்னசன் ஒரு கோட்டையையும் அதன் அடியில் நிலவறைகளையும் கற்பித்து, நண்பர்களை அவற்றுள் அனுப்பினார். விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ் அவருடன் சேர்ந்து விதிகளை உருவாக்கினார். 1974-இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் முதலில் அச்சானவை ஆயிரம் பிரதிகளே. கைகாக்ஸ் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். அந்நாளில் காலணி பழுதுபார்த்துப் பிழைத்தவர். இன்று உலகெங்கும் ஆடப்படும் ஓர் ஆட்டத்தின் தொடக்கம் இவ்வளவு எளியது!

ஆடும் முறை

ஆடுவோர் ஒவ்வொருவரும் வீரன், மந்திரவாதி, கள்வன் என ஒரு பாத்திரத்தை ஏற்பர். வலிமை, லாகவம், தாங்குதிறன், அறிவு, விவேகம், ஆளுமை என்ற ஆறு பண்புகளுக்கும் மதிப்பெண் உண்டு. பழைய முறைப்படி மூன்று பகடைகளை உருட்டி அவற்றைக் கூட்டுவர். மொத்த வாய்ப்புகள் 216. பதினெட்டு விழ ஒரே வழி. பத்து விழ 27 வழிகள். எனவேதான் நம்மில் பெரும்பாலோர் நடுத்தரமானவர்கள்!

ஒருவர் மட்டும் நடத்துநர். அவர் சூழலை விவரித்து, "என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்பார். செயலின் முடிவு ஐயத்துக்குரியதாயின் இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும். இலக்கு 15, பண்பினால் கிடைக்கும் கூடுதல் 3 என்றால், 12 அல்லது அதற்கு மேல் விழவேண்டும். அதாவது இருபதில் ஒன்பது வாய்ப்பு.

அத்தகைய பகடை எங்களிடம் இல்லை. ஆகவேதான் பழைய பிஸ்கட் டப்பாவும் இருபது சீட்டுகளும். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். மறந்தால் அடுத்தவரின் நிகழ்தகவு மாறிவிடும். விதிநூல் வாங்கவும் பணம் தேவைப்படவில்லை. அடிப்படை விதித் தொகுப்பு ஒன்று 2023 ஜனவரியில் யாவரும் பயன்படுத்தும் உரிமத்தில் வெளியிடப்பட்டது.

நான் கற்ற பாடம்

முதல் ஞாயிறு நானே நடத்துநர். நான் எழுதி வைத்த கதையிலிருந்து எவரையும் விலக விடவில்லை. "அது முடியாது, இதுவும் முடியாது" என்றே பொழுது போயிற்று. மறுவாரம் ஒருவன்தான் வந்தான். மற்றவர்களை அழைத்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மீண்டும் கூடிய அன்று, பாலத்தின் நடுவே ஒரு பூதத்தை நிறுத்தினேன். அதனுடன் நடக்கவேண்டிய சண்டையை இரண்டு இரவுகள் விழித்து எழுதியிருந்தேன். எங்களுள் ஒருவன் வகுப்பில் எழுந்து பெயர் சொல்லவே தயங்குபவன். அவன் மெல்லக் கேட்டான்: "அதுக்குப் பசிக்குதான்னு கேக்கலாமா?"

"முடியாது" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "கேட்டுப் பார்" என்றேன். இலக்கு 15, அவனுக்குக் கூடுதல் 3. சீட்டில் வந்தது 14! தங்கள் கட்டுச்சோற்றைப் பூதத்துக்குக் கொடுத்துவிட்டுப் பாலத்தைக் கடந்தார்கள். அதற்கப்பால் என் நோட்டில் ஒரு வரியும் இல்லை. அன்றிரவு பதினொரு மணிவரை மீதிக் கதையை ஐவரும் சேர்ந்தே உண்டாக்கினோம். அதிகம் பேசியவன் அவனே.

நடத்துநரின் திறமை கதை சொல்வதில் இல்லை, கேள்வி கேட்டுவிட்டு விடைக்குக் கட்டுப்படுவதில் இருக்கிறது என்பதை அன்று உணர்ந்தேன்.

நண்பர்களே! "புத்தகத்தில் உள்ளதைச் சொல்" என்று நம்மைக் கேட்டவர் பலர். "நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டவர் சிலரே. பட்டம் பெற்று வெளியேறும் நாளில் நம்முன் நிற்கப்போவது இந்த இரண்டாம் கேள்விதான். எங்கள் வீட்டில் எனக்கு முன் கல்லூரி வாசலை மிதித்தவர் எவரும் இல்லை. விடை கேட்டு யாரிடம் போவேன்? தப்பாயினும் ஒரு முடிவெடுத்து, விழுந்த எண்ணை ஏற்று, கூட இருப்பவர்களோடு மேலே நடக்கும் பழக்கம் வேண்டும். ஞாயிறுதோறும் அதைத்தான் பழகுகிறோம், அம்மா.

எங்கள் வட்டத்தில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது.