‘செபரேஷன்’னா டைவர்ஸ் இல்லையா? ஒரு வார்த்தை செய்யும் குழப்பம்!

2025 மார்ச்சில் ஏ.ஆர்.ரஹ்மான் உடல்நலக் குறைவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, சாய்ரா பானுவிடமிருந்து ஓர் ஆடியோ வந்தது. ‘நாங்கள் முறைப்படி விவாகரத்து பெறவில்லை, பிரிந்துதான் இருக்கிறோம். முன்னாள் மனைவி என்று சொல்லாதீர்கள்’ என்று அதில் கேட்டுக்கொண்டிருந்தார். 2024 நவம்பரில் அவர்களின் ‘செபரேஷன்’ அறிவிப்பு வந்த இரவில், அவசர அவசரமாக ‘விவாகரத்து’ என்று தலைப்பு வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்திருந்தேன். இல்லை.

திருமணச் சட்டங்கள் மதத்துக்கு மதம் மாறும். அதனால் 1955-ம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தை மட்டும் பார்ப்போம். அதன் 10-வது பிரிவு பேசுவதே பிரிவைப் பற்றித்தான் (தமிழில் ‘செக்‌ஷனு’க்கும் அதே வார்த்தை!). நீதிமன்றம் இந்த உத்தரவைக் கொடுத்துவிட்டால், சேர்ந்து வாழ வேண்டிய கட்டாயம் இருவருக்கும் இல்லை. ஆனால், கல்யாணம் அப்படியேதான் இருக்கிறது. கணவர் உயில் எழுதாமல் இறந்தால், சொத்தில் மனைவிக்குப் பங்கு உண்டு. இன்னொரு திருமணம் செய்தால் 7 ஆண்டுகள் வரை சிறை. மனம் மாறினால் உத்தரவை ரத்து செய்யக் கேட்கலாம். ஓராண்டு ஆகியும் சேரவில்லையென்றால், அதையே காரணமாகக் காட்டி இருவரில் யார் வேண்டுமானாலும் விவாகரத்து கோரலாம்.

பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு ஓராண்டு ‘பிரிந்து வாழ்ந்திருக்க’ வேண்டும். அப்படியென்றால் வேறு வீடு பார்க்க வேண்டுமா? அவசியமில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும், கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிவுதான் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் ‘இருவரும் மனமொத்துப் பிரிகிறோம்’ என்று எழுதி, கையெழுத்து வாங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அப்படி விலக்கு பெறுவது தங்கள் சமூகத்தின் நெடுநாள் வழக்கம் என்று நிரூபிக்க முடிந்தாலொழிய, அந்தத் தாள் விவாகரத்து ஆகாது. ஆனால், பெண்ணுக்கு எதிராக அது வேலை செய்யலாம். ஜீவனாம்சம் பற்றிப் பேசும் பி.என்.எஸ்.எஸ். 144-வது பிரிவில் (பழைய சி.ஆர்.பி.சி. 125) ஒரு வரி இருக்கிறது: பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழும் மனைவி அதன்கீழ் ஜீவனாம்சம் கோர முடியாது. பிள்ளையோடு அம்மா வீட்டுக்கு வந்து, ‘வாழாவெட்டி’ என்ற பேச்சையும் கேட்டுக்கொண்டிருப்பவளிடம், எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தாளைத்தான் நீட்டுவார். (அந்தப் பட்டத்துக்கு ஆண்பால் சொல் கிடையாது என்பதையும் கவனித்திருப்பீர்கள்.)

எனவே, யார் வற்புறுத்தினாலும் கையெழுத்து போடுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச உதவி கிடைக்கும். அழைக்க வேண்டிய எண்: 15100.