பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் வதந்தி பேசும்: ஒரகடம் தொழிற்பகுதி தரும் பாடம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஒரகடத்துக்கு அருகே இருக்கும் சிற்றூர் வடக்குப்பட்டு. 2022இல் இந்தியத் தொல்லியல் துறை இங்கு அகழாய்வு நடத்தியபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன. கல்லைச் செதுக்கிக் கருவி செய்த மனிதர்கள் வாழ்ந்த அந்த மண்ணைச் சுற்றி இன்று கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் தயாரிக்கும் பெரும் ஆலைகள் நிற்கின்றன. சற்றுத் தள்ளி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பக்கம் போனால் உலகம் முழுவதும் விற்பனையாகும் செல்போன்கள் தயாராகின்றன.

இந்த ஆலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் உள்ளூர்க்காரர்கள் அல்லர். தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கியிருப்பவர்கள். உறவினர், பக்கத்து வீட்டார், ஊர்ப் பெரியவர் என்று யாரும் அருகில் இல்லாத இவர்களுக்கு எல்லாமே கையில் இருக்கும் போன்தான். ஷிப்ட் மாற்றம், கம்பெனி பஸ் வரும் நேரம், சம்பளம் ஏறிய தகவல், வீட்டுக்கு அனுப்பும் பணம், அம்மாவோடு பேசும் வீடியோ கால் எல்லாம் அதில்தான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் சரிந்த பிறகு, மாதச் சம்பளம் குறைவாக வாங்குபவருக்கும் இது எட்டியது. இதனால் கிடைத்த நன்மையை யாரும் மறுக்க முடியாது.

ஆனால், ஓர் ஆபத்து வரும்போது அதே போன் உண்மையைத் தருகிறதா? இந்தக் கேள்விக்கான பதில் 2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரத்தில் கிடைத்தது.

அன்று நடந்தது என்ன?

ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில், 2021 டிசம்பர் 15ஆம் தேதி உணவு நஞ்சானது. 250க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உடன் வேலை செய்த பெண்கள், தோழிகள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். சிலரைத் தொடர்புகொள்ளவே முடியவில்லை, கேட்டும் சரியான பதில் கிடைக்கவில்லை என்று பின்னர் அவர்கள் கூறினர்.

அந்த இடைவெளியில் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் ஓடத் தொடங்கியது: சிகிச்சையில் இருந்த பெண்கள் இறந்துவிட்டார்கள், நிர்வாகம் மறைக்கிறது. டிசம்பர் 17 இரவு பெண்கள் சாலையில் இறங்கினார்கள். சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை மறுநாள் வரை முடங்கியது. யாரும் இறக்கவில்லை என்று மாவட்ட நிர்வாகம் உறுதியளித்தது. வதந்தி பரப்பியதாக ஒரு யூடியூபர் கைது செய்யப்பட்டார். போராடிய பெண்கள் பலரும் காவலில் வைக்கப்பட்டு விடுவிக்கப்பட்டனர்.

மரணச் செய்தி பொய்தான். ஆனால் கதை அதோடு முடியவில்லை. டிசம்பர் 29ஆம் தேதி, தொழிலாளர்களின் விடுதிகள், உணவுக்கூடங்கள் சிலவும் தன்னுடைய தர நிபந்தனைகளுக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே அறிவித்து, ஆலையைக் கண்காணிப்பின் கீழ் வைத்தது. மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரி 12ஆம் தேதிதான் மீண்டும் இயங்கத் தொடங்கியது. அதாவது, வதந்தி பொய்யாக இருந்தபோதும் அதன் அடியில் இருந்த குறை உண்மையானது. கூட்டமாக அடைத்துவைக்கப்பட்ட அறைகள் பற்றியும் உணவு பற்றியும் அந்தப் பெண்கள் ஏற்கெனவே கசந்துபோயிருந்தார்கள். 'இங்கே எதுவும் நடக்கலாம்' என்று நம்பும் நிலையில் இருப்பவரிடம்தான் இப்படிப்பட்ட செய்தி ஒட்டிக்கொள்ளும்.

போனில் வதந்தி ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகிறது?

முதல் காரணம், அனுப்புபவர் நமக்குத் தெரிந்தவர். பத்திரிகையை நாம் சந்தேகிப்போம்; ஒரே அறையில் தூங்கும் தோழியைச் சந்தேகிக்க மாட்டோம். ஆனால் அந்தத் தோழியும் அதை வேறொருவரிடமிருந்து பெற்றவர்தான். பத்துக் கை மாறி வந்த செய்திக்கும் கடைசியாக அனுப்பியவரின் முகமே முகவரியாகிவிடுகிறது.

இரண்டாவது, வேலை முறை. செல்போன் பாகங்கள் செய்யும் பல ஆலைகளில் வேலை நேரத்தில் போனை உள்ளே கொண்டுபோக முடியாது. எட்டு மணி நேரத்துக்கும் மேலாக உலகத் தொடர்பின்றி இருந்துவிட்டு வெளியே வருபவருக்கு அத்தனை செய்திகளும் ஒரே நேரத்தில் கொட்டுகின்றன. களைப்பும் கவலையும் சேர்ந்திருக்கும் அந்த நேரத்தில் நிதானமாகப் படித்துப் பிரித்துப் பார்ப்பது எளிதல்ல.

மூன்றாவது, வாட்ஸ்அப்பின் அமைப்பு. 2016 முதல் அதில் செல்லும் செய்திகள் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டுமே தெரியும்படி பூட்டப்பட்டிருக்கின்றன. நிறுவனமே அவற்றைப் படிக்க முடியாது. இது நம் அந்தரங்கத்துக்குப் பாதுகாப்பு. அதே நேரத்தில், ஒரு பொய்ச் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது அதை இடையில் நிறுத்தித் திருத்த ஆள் இல்லை என்பதும் உண்மை.

இதன் விலையைத் தமிழகம் முன்பே கொடுத்திருக்கிறது. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்த நேரத்தில், திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் கோயில் வழிபாட்டுக்காகப் போன சென்னை மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக அடித்தே கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலை 1ஆம் தேதி மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் இதே வதந்திக்குப் பலியானார்கள். அதன் பிறகுதான், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்ற கட்டுப்பாட்டை வாட்ஸ்அப் இந்தியாவில் கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஒரே உரையாடலுக்கு மட்டும்தான் அனுப்ப முடியும் என்று அது மேலும் இறுக்கப்பட்டது.

2023 மார்ச்சில் வதந்தி எதிர்த் திசையிலிருந்து வந்தது. தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று, சம்பந்தமில்லாத பழைய வீடியோக்கள் பரப்பப்பட்டன. அவை பொய் என்று தமிழகக் காவல்துறை அறிவித்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்தது. அதற்குள் ஊரில் இருக்கும் பெற்றோர் 'உடனே கிளம்பி வா' என்று அழைக்க, கைவேலையை விட்டுவிட்டு ரயிலேறியவர்கள் உண்டு. ஒரு பொய் வீடியோவுக்காக அவர்கள் இழந்தது தங்கள் கூலியை.

யார் என்ன செய்ய வேண்டும்?

வதந்தி பரப்புபவர்களைக் கைது செய்தால் போதும் என்று நினைப்பது பாதி மருந்துதான். 2021இல் விடுதிப் பெண்களுக்குத் தேவைப்பட்டது மிக எளிய ஒன்று: யார் எந்த மருத்துவமனையில் இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்ற பட்டியலும், நம்பத்தகுந்த ஒருவரின் வாய்மொழியும். அது முதல் நாளிலேயே கிடைத்திருந்தால் நெடுஞ்சாலைக்கு வர வேண்டிய தேவை எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? ஷிப்ட் மாற்றத்தை நொடியில் அனுப்பத் தெரிந்த நிர்வாகங்களுக்கு, நோயுற்ற தொழிலாளியின் நிலையை அனுப்புவது முடியாத காரியமல்ல.

தங்குமிடம் தொடர்பாக ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 706.50 கோடி ரூபாய் செலவில், 18,720 பேர் தங்கும் குடியிருப்பை முதலமைச்சர் திறந்துவைத்தார். வரவேற்க வேண்டியது. அதே அக்கறை தகவல் சொல்வதிலும் வேண்டும். ஒவ்வொரு விடுதியிலும் தமிழோடு இந்தியிலும் பதில் சொல்லக்கூடிய, இரவிலும் எட்டக்கூடிய ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும்.

நம் பங்கும் இருக்கிறது. கேள்விப்பட்டதைத் தீர விசாரிக்காமல் பரப்பக் கூடாது என்பது நமக்குப் புதிய பாடம் அல்ல. போன் கையில் வந்த பிறகு அதைக் கடைப்பிடிப்பதுதான் கடினமாகியிருக்கிறது. மஹல்லா குழுவோ குடும்பக் குழுவோ, அதிர்ச்சியான செய்தி வந்தால் அனுப்பியவரிடம் 'இதை நீங்கள் நேரில் பார்த்தீர்களா, யார் சொன்னது?' என்று கேட்போம். இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று புரிந்துகொள்வோம். பொய் என்று தெரிந்தால், எந்தக் குழுவில் பகிர்ந்தோமோ அதே குழுவில் மறுப்பையும் போடுவோம். நம் பகுதியில் வெளியூர்த் தொழிலாளர்கள் தங்கியிருந்தால் அவர்களில் ஒருவரின் எண்ணையாவது வாங்கி வைத்துக்கொள்வோம். அடுத்த வதந்தி வரும் இரவில், அழைத்துக் கேட்க அவர்களுக்கும் உள்ளூரில் ஒருவர் இருப்பார்.