மதுரைக்குத் தண்டவாளம் இருக்கிறது, புறநகர் ரயில்தான் இல்லை

திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை 32 கிலோமீட்டருக்கு மெட்ரோ, மதிப்பீடு ரூ.11,368 கோடி. 2011 கணக்கெடுப்பின்படி மதுரையின் மக்கள்தொகை 20 லட்சத்தை எட்டவில்லை என்று 2025 நவம்பரில் மத்திய அரசு அந்தத் திட்டத்தைத் திருப்பி அனுப்பியது. அதில் யார் சொல்வது நியாயம் என்ற சண்டை மேடைகளில் நடக்கட்டும். அந்த இரைச்சலில் ஒரு சங்கதி யார் காதிலும் விழவில்லை. திருமங்கலத்திலிருந்து மதுரையின் நடுப்பகுதிக்கு மின்மயமான ரயில் பாதை ஏற்கெனவே இருக்கிறது. 2023-இல் அது இரட்டைப் பாதையாகவும் ஆகிவிட்டது. வடக்கே கூடல்நகர், சமயநல்லூர், சோழவந்தான் வழியாக அதே இரட்டைப் பாதை திண்டுக்கல் போகிறது. கிழக்கே சிலைமான், மானாமதுரை; மேற்கே வடபழஞ்சி, உசிலம்பட்டி. நாலு திசையிலும் தண்டவாளம் உள்ள ஊரில், காலையில் வேலைக்குப் போகிறவர் நம்பி ஏற ஒரு உள்ளூர் ரயில் இல்லை.

காரணம், இந்தப் பாதைகளின் கால அட்டவணை தொலைதூரப் பயணிக்காகவே போடப்படுகிறது. 2023-இல் மதுரை–செங்கோட்டை ரயிலையும் மயிலாடுதுறை–திண்டுக்கல் ரயிலையும் இணைத்து ஒரே ரயிலாக்கினார்கள். வண்டி மாறாமல் தஞ்சாவூர் போக நினைப்பவருக்கு அது வசதிதான். ஆனால் டெல்டாவில் ஏற்படும் தாமதத்துக்குத் திருமங்கலத்துப் பயணியும் காத்திருக்க வேண்டும். கொரோனாவுக்குப் பின் பாசஞ்சர் வண்டிகளுக்கெல்லாம் எக்ஸ்பிரஸ் கட்டணம் போட்டதால், ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள திருப்பரங்குன்றத்துக்கும் 30 ரூபாய் ஆனது. 2024-இல் அது மறுபடி 10 ரூபாய்க்கு வந்தது. அதற்குள் பலர் பைக்குக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் மாறிவிட்டார்கள்.

மதுரை ஜங்ஷனில் பிளாட்பாரம் காலியில்லை, எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கு நடுவே உள்ளூர் வண்டியை எங்கே நுழைப்பது என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் உள்ளூர் வண்டியை ஜங்ஷனிலேயே முடித்து, அங்கிருந்தே கிளப்பினால்தான் இந்த நெருக்கடி. எஞ்சினைக் கழற்றி, சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் மாட்டி, பிரேக் சோதித்து முடிக்கும்வரை பிளாட்பாரம் அடைபட்டுக் கிடக்கும். மின்சாரத்தில் ஓடும் மெமு ரயிலுக்கு இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. எஞ்சின் மாற்றும் வேலையே இல்லை. திருமங்கலத்தில் கிளம்பும் மெமு ஜங்ஷனில் சில நிமிடம் நின்று சோழவந்தான் போய்விட்டால், வழியில் நிற்கும் இன்னொரு ரயில், அவ்வளவுதான். நிறுத்திவைக்க இடம் வேண்டுமென்றால் கூடல்நகர் இருக்கிறது. சரக்கு ஏற்றி இறக்கும் இடமாகவே பெயர்பெற்ற அந்த நிலையத்தை இரண்டாவது முனையமாக்கக் கேட்டுக் கேட்டு மதுரைக்காரர்களுக்கு அலுத்துவிட்டது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் பேருந்துதான். வீட்டுப் பக்கத்திலேயே நிற்கிறது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. திருப்பரங்குன்றம் மாதிரிக் குறைந்த தூரத்தில் ரயில் அதை ஜெயிக்காது. ஜெயிக்க வேண்டிய தேவையும் இல்லை. திருமங்கலம், சோழவந்தான் தூரத்துக்குச் சிக்னலில் மாட்டாத வண்டிக்கும் சீசன் டிக்கெட்டுக்கும் மதிப்பு வேறு. இறங்கும் இடமும் தோது: ஜங்ஷனிலிருந்து பெரியார் பேருந்து நிலையம் நடை தூரம்தான். மாட்டுத்தாவணி, உயர்நீதிமன்றக் கிளை, ஒத்தக்கடைப் பக்கம் தண்டவாளமே இல்லை. அந்தத் திசைக்குப் பேருந்தோ மெட்ரோவோதான் வழி, அதை மறைக்க வேண்டாம். உசிலம்பட்டிப் பக்கமும் அவசரப்பட முடியாது. அகலப்பாதைப் பணிக்காக 2010 முடிவில் நிறுத்திய ரயில் தேனிக்கு 2022-லும் போடிக்கு 2023-லும்தான் போய்ச் சேர்ந்தது; அது ஒற்றைப் பாதை, கிராசிங்குக்கு நின்றே ஆக வேண்டும்.

முன்மாதிரியும் உண்டு. ஹைதராபாத்தில் 2003-இல் எம்.எம்.டி.எஸ். ரயில்கள் இருந்த தண்டவாளத்திலேயே ஓடத் தொடங்கின. செலவை மாநில அரசும் ரயில்வேயும் பாதிப் பாதி ஏற்றன. அங்கும் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டே உள்ளூர் ரயில் தாமதப்படுகிறது என்ற புகார் ஓயவில்லை. ஆகவே மதுரை கேட்க வேண்டியது வண்டி மட்டுமல்ல. காலை எட்டிலிருந்து பத்து வரையும் மாலை ஐந்திலிருந்து ஏழு வரையும், எந்த எக்ஸ்பிரஸுக்காகவும் ஓரங்கட்டப்படாத நேரத்தையும் அட்டவணையில் எழுதி வாங்க வேண்டும். திருமங்கலம்–சோழவந்தான் இடையே அந்த இரு வேளையிலும் இரண்டிரண்டு மெமு ஓடினால் போதும்; ஆறு மாத டிக்கெட் கணக்கைப் பார்த்து மானாமதுரைப் பாதையைப் பற்றிப் பேசலாம்.