தரையில் நிற்கும் விமானமும் ஆபத்தானதே: உம்றா, தொழில் பயணிகளின் கவனத்திற்கு

எனது சாச்சியை உம்றாவுக்கு வழியனுப்ப பல்லேகமவிலிருந்து நடுச்சாமத்தில் வேனில் புறப்பட்டோம். அவருக்கு இதுதான் முதல் விமானப் பயணம். வழி நெடுக துஆ ஓதிக்கொண்டே வந்தார். "மேலே ஏறும்போதுதான் மகன் பயம். கீழே நிற்கும்போது என்ன பயம்?" என்றார். நம்மில் பலரது எண்ணமும் இதுதான். விமானம் தரையைத் தொட்டவுடன் எழுந்து நின்று பெட்டியை இறக்குவதும் இந்த எண்ணத்தினால்தான்.

ஆனால் விமான வரலாற்றில் ஆகக் கூடுதலான உயிர்களைப் பலிகொண்ட விமான விபத்து தரையிலேயே நடந்தது. 1977 மார்ச் 27ஆம் திகதி, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரீஃப் தீவில், பனிமூட்டம் சூழ்ந்த ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதின. 583 பேர் உயிரிழந்தனர். புறப்பட அனுமதி கிடைக்காத நிலையில் கேஎல்எம் விமானி ஓட்டத்தை ஆரம்பித்தார். அதே ஓடுபாதையில் பான் ஆம் விமானம் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. எச்சரித்திருக்கக்கூடிய இரண்டு வானொலிச் செய்திகள் ஒரே நேரத்தில் வந்ததால் ஒன்றையொன்று மறைத்துவிட்டன. இந்த விபத்துக்குப் பிறகே வானொலி உரையாடலுக்கான சொற்கள் கடுமையாக வரையறுக்கப்பட்டன. புறப்பாட்டு அனுமதி கொடுக்கும்போது அல்லது அதை மீளப் பெறும்போது மட்டுமே 'டேக் ஓஃப்' என்ற சொல்லைப் பயன்படுத்தலாம்.

அதே மார்ச் 27ஆம் திகதி, 47 வருடங்கள் கழித்து, 2024இல் கொல்கத்தாவில் நகர்ந்துகொண்டிருந்த இண்டிகோ விமானத்தின் இறக்கை, சென்னை செல்லக் காத்துநின்ற எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் இறக்கையில் உரசியது. யாருக்கும் காயமில்லை. ஆயினும் இறக்கை நுனி உடைந்து விழுந்தது. பெரிய விமானத்தின் விமானி அறையிலிருந்து இறக்கை நுனியைக் காண்பது கடினம். எனவேதான் தரையில் மஞ்சள் கோடுகளும், சைகை காட்டும் ஊழியர்களும், ஓடுபாதையின் வாயிலில் சிவப்பு விளக்குகளும் உள்ளன.

அதே வருடம் ஜனவரி 2ஆம் திகதி டோக்கியோவின் ஹனேடாவில், தரையிறங்கிய ஜப்பான் எயார்லைன்ஸ் விமானம் கடலோரக் காவல்படை விமானத்துடன் மோதித் தீப்பற்றியது. காவல்படையினர் ஆறு பேரில் ஐவர் இறந்தனர். பயணிகள் விமானத்திலிருந்த 379 பேரும் உயிர் தப்பினர். எட்டு வாயில்களில் மூன்றை மட்டுமே பயன்படுத்த முடிந்தது. அறிவிப்புக் கருவியும் இயங்கவில்லை. பணியாளர்கள் கைஒலிபெருக்கியில் குரல் கொடுத்தனர். பயணிகள் பொதிகளை விட்டுவிட்டு, சொன்னபடி வெளியேறினர். பின்னர் அந்த விமானம் முழுவதும் எரிந்துபோனது.

இதற்கு நேர்மாறான ஒரு சம்பவம் எமது கட்டுநாயக்கவில் நடந்தது. 2005 செப்டெம்பர் 8ஆம் திகதி, ஜித்தா செல்லவிருந்த சவூதி விமானமொன்றில் வெடிகுண்டு இருப்பதாக ஒரு பொய்த் தகவல் வந்தது. விமானத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் இலங்கையர், இருந்தனர். அவசரமாக வெளியேறியபோது ஏற்பட்ட நெரிசலில் ஒரு இலங்கைப் பெண் உயிரிழந்தார். 62 பேர் காயமடைந்தனர். குண்டும் இல்லை, தீயும் இல்லை, மோதலும் இல்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் தரைப்பணியாளருக்கும் இடையில் தகவல் உரிய நேரத்தில் போய்ச் சேராததால் ஏணிப்படிகள் தாமதமாயின, அதனால் விமானி சறுக்குப் பாதை வழியாக இறங்க உத்தரவிட்டார் என்று எமது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விசாரணை கூறியது.

இந்தச் சம்பவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு விளங்குவது இதுதான்: தரையில் ஆபத்து பெரும்பாலும் இயந்திரத்தால் வருவதில்லை. ஒருவர் சொன்னது மற்றவருக்குச் சரியாகப் போய்ச் சேராததால் வருகிறது. விமானிக்கும் கோபுரத்துக்கும் இடையில் மட்டுமல்ல, பணியாளருக்கும் பயணிக்கும் இடையிலும் இது நடக்கலாம். ஆங்கிலமோ அரபோ தெரியாத நம்மவர்களுக்கு, அவசர நேரத்தில் வரும் அறிவிப்பு வெறும் சத்தமாகவே கேட்கும்.

ஆகவே பயணத்திற்கு முன்னரே வீட்டில் சொல்லிக்கொடுக்க வேண்டியவை சில உள்ளன. பட்டி விளக்கு அணையும் வரை எழும்பக் கூடாது. நகரும் விமானம் திடீரென பிரேக் பிடிக்கலாம். அமர்ந்ததும் அருகிலுள்ள வாயில் எத்தனை வரிசை தள்ளி என்று எண்ணிக்கொள்ள வேண்டும். புகையில் கண் தெரியாது. வெளியேறச் சொன்னால் கைப்பை உட்பட எதையும் எடுக்கக் கூடாது. அது வழியை அடைக்கும், சறுக்குப் பாதையையும் கிழிக்கலாம். குதி உயர்ந்த செருப்பைக் கழற்றிவிட வேண்டும். அபாயா அணிந்த சகோதரிகள் அதன் கீழ்ப்பகுதியைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வது நல்லது. பாதி வாயில்களை மட்டும் கொண்டு 90 வினாடிகளில் அனைவரையும் வெளியேற்ற முடியும் என்று காட்டிய பின்னரே பெரிய பயணிகள் விமானங்களுக்கு அனுமதி கிடைக்கிறது. நாம் பெட்டியைத் தேடினால் அந்தக் கணக்குப் பிழைத்துவிடும்.

உம்றா முகவர்கள் நடத்தும் வழிகாட்டல் வகுப்புகளில் இஹ்ராம், தவாஃப், ஸஃயி எல்லாம் விளக்கமாகச் சொல்லப்படுகின்றன. அதோடு கால் மணித்தியாலம் இதற்கும் ஒதுக்குமாறு பள்ளிவாசல் நிருவாகங்களிடமும் முகவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். மத்திய கிழக்குக்குத் தொழிலுக்குச் செல்லும் எமது பெண்களுக்கான பயிற்சியிலும் இதற்கு உரிய இடம் வேண்டும், அதுவும் தமிழிலும் சிங்களத்திலும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல் இருக்கைப் பட்டிக்கும் பொருந்தும்.

வேனில் இவற்றையெல்லாம் சாச்சிக்குச் சொன்னேன். "பேக்கில பாஸ்போட் இருந்தாலுமா மகன்?" என்று கேட்டார். "பாஸ்போட் இருந்தாலும்தான் சாச்சி" என்றேன்.

பயணம் செல்லும் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக.